பத்து நாள், ஞாயிறு நீங்கலாக

அத்தியாயம் 9

போன வாரம் பிரேக் வாத்தியாரைப் பஸ் நிறுத்தத்தில் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். பயப்பட வேண்டாம், மனுஷன் இன்னும் அங்கேயே நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, தூங்கி, எழுந்தும் விட்டார். என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

இந்த வாரம்தான் உள்ளே நுழைகிறவர்களுக்கு நாலு வார்த்தை.

வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். கற்றுக்கொடுக்கிற காரில் அவர் உட்காரும் பக்கம் ஸ்டியரிங் கிடையாது, ஆக்சிலரேட்டர் கிடையாது. ஒரே ஒரு பிரேக் மட்டும் உண்டு. இருபத்திரண்டு வருஷமாக அந்த ஒற்றைப் பிரேக்கை மிதித்துச் சம்பாதித்த பேர் அது.

வீட்டிலும் அதே கதைதான். அவர் "வேண்டாம்" என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. "சரி" என்று சொல்லியும் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். அதற்கப்புறம் அந்த விஷயம் கிணற்றில் போட்ட கல்.

ஒரே மகள். வீட்டில் அவளுக்குப் பேர் வாயாடி. பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம். 'அமெரிக்க அரசியல்: ஓர் அறிமுகம்' என்று ஒரு பாடம் எடுத்திருந்தாள். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். பக்கத்திலேயே தோழிகளோடு அறை எடுத்துத் தங்கட்டுமா என்று கேட்டாள். "பார்க்கலாம்" என்றார். ஒரு மாதம் கழித்துக் கேட்டாள். "பார்க்கலாம்மா" என்றார். மூன்றாவது தடவை ஒரு தாளில் எழுதியே கொடுத்தாள். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பத்து வாரத்துக்கு முன்னால் ஒரு காலையில் பெட்டியோடு கூடத்தில் வந்து நின்றாள். "நீங்க பாத்துக்கிட்டே இருங்கப்பா. நான் கிளம்பறேன்" என்றாள். போயே போய்விட்டாள்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மாவின் போனுக்கு ஒரு செய்தி வரும். 'நல்லா இருக்கேன்.' வாயாடி என்று பேர் வாங்கினவளுக்கு வாரத்துக்கு இரண்டே வார்த்தை. எங்கே இருக்கிறாள் என்பது அதில் இருக்காது. திருப்பிக் கூப்பிட்டால் எடுக்கவும் மாட்டாள்.

அவள் போனதிலிருந்து அந்த வீட்டில் யாரும் அழவில்லை. சண்டையும் இல்லை. ரொம்ப நேரம் காலை மடக்கி உட்கார்ந்தால் மரத்துப் போகுமே, கிள்ளினால்கூடத் தெரியாதே, அப்படி வீடே மரத்துப் போயிருந்தது.

இனி வெள்ளிக்கிழமைக் காலைக்கு வருவோம்.

"இன்னிக்கு எத்தனை பேர்?" என்றாள் மனைவி, டிபன் டப்பாவை அழுத்தி மூடிக்கொண்டே.

"மூணு பேர். ரெண்டு மணிக்கு மேலதான்."

"அதுவரைக்கும்?"

"சும்மாதான்."

அவளுக்கு ஆஸ்பத்திரியில் மருந்து கவுண்டரில் வேலை. டாக்டர்களுடைய கோழிக் கிறுக்கலை ஒரே பார்வையில் படித்து மாத்திரையை எடுத்து வைத்துவிடுவாள். புருஷன் முகத்தைத்தான் இருபத்தொரு வருஷமாகப் படிக்க முடியவில்லை. இப்போது படிக்க முயற்சி செய்வதும் இல்லை.

"அவ ரூம்ல இருக்கிற மேஜையை, என்கூட வேலை பாக்கிறவ கேக்கிறா. சும்மாதானே கிடக்கு. குடுத்துடட்டுமா?"

"பார்க்கலாம்."

வாயை விட்டு வந்த பிறகுதான் அந்த வார்த்தை இரண்டு பேர் காதிலும் விழுந்தது. அவள் டப்பாவைப் பைக்குள் வைத்தாள்.

"பாருங்க" என்றாள். கோபமாகக்கூட இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் ஜன்னலோரம் நின்றிருந்துவிட்டு வாத்தியார் மகளுடைய அறைக்குள் போனார். ஆடு திருடினவன் மாதிரி சொந்த வீட்டில் அடிமேல் அடி வைத்து நடக்கிற மனுஷனை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? அலமாரியிலிருந்து அந்தத் தடிப் புத்தகத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். வாயாடி போகும்போது துணியைத்தான் எடுத்துக்கொண்டு போனாள். புத்தகமெல்லாம் இங்கேதான்.

விஷயம் இதுதான். அலமாரிக் கதவில் அவள் ஒட்டி வைத்திருந்த வகுப்பு அட்டவணையைப் பார்த்து, அவள் போன அடுத்த வாரத்திலிருந்தே, செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் வாத்தியார் அந்த வகுப்பில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தார். வீட்டுக்குத்தான் வரமாட்டாள், வகுப்புக்கு வந்துதானே ஆகவேண்டும்? அங்கே போனால் முகத்தையாவது பார்க்கலாம் என்று போனார். இருநூறு பேர் உட்காரும் கூடம். யாரும் யாரையும் கேட்பதில்லை. அவள் மட்டும் வரவில்லை.

வரவில்லை என்றதும் அவருக்கு இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. இப்படி வராமலே இருந்து, பேரை எடுத்துவிட்டால்? வருகைத் தாள் வரிசை வரிசையாகக் கைமாறி வரும். அவர் என்ன செய்தார் தெரியுமா? மகளுடைய பேருக்கு நேரே மகளுடைய கையெழுத்தைப் போட்டுவிட்டார்.

அவருக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. டிரைவிங் ஸ்கூலில் பழகுகிறவர் ஒரு நாள் வராவிட்டாலும் நோட்டில் வாத்தியாரே போட்டுவிடுவது வழக்கம். அவர்களுடைய மணிக்கணக்கு குறையக்கூடாதே என்று. நல்ல எண்ணம்தான். ஆனால் பல்கலைக்கழகம் டிரைவிங் ஸ்கூல் இல்லையே.

போன வாரம் வியாழக்கிழமை வீட்டுக்குக் கடிதம் வந்துவிட்டது. 'உங்கள் மகளின் வருகைத் தாளில் உள்ள பதினான்கு கையெழுத்துகள் அவருடைய முந்தைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை. பத்து நாட்களுக்குள் விளக்கம் வராவிட்டால் பாடத்திலிருந்து பெயர் நீக்கப்படும்.' மனைவி வருவதற்கு முன்னால் கடிதம் வாத்தியார் கையில் கிடைத்தது. அவர் என்ன செய்திருப்பார் என்று நான் சொல்லவும் வேண்டுமா? மடித்தார். பையில் வைத்துக்கொண்டார்.

பதில் எழுதினால்தானே மேற்கொண்டு பேச்சு? எழுதாவிட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும் என்பது அவர் கணக்கு. போதாததற்கு, வியாழனிலிருந்து எண்ணி, சனியையும் ஞாயிறையும் கழித்துவிட்டு, இன்னும் நாலு நாள் கையில் இருக்கிறது என்று வேறு வைத்திருந்தார்.

வகுப்பில் வழக்கமான நாலாவது வரிசை, வழக்கமான ஓரத்து இடம். பக்கத்தில் எப்போதும் பிஸ்கட் கொறித்துக்கொண்டிருக்கும் பெண் அன்றைக்கும் கொறித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இவர் 'அங்கிள்'. யாருடைய அங்கிள் என்று அவள் கேட்டதே இல்லை.

வாத்தியார் டிரைவிங் ஸ்கூல் நோட்டை விரித்து வைத்துக்கொண்டார். மகளுக்காகத்தான் குறிப்பெடுக்க ஆரம்பித்தார். அவள் வந்தால் விட்டுப்போன பாடத்தை அப்படியே கையில் கொடுத்துவிடலாமே என்று. சட்டம் போட ஒரு பக்கம், நடத்த ஒரு பக்கம், சரியா தப்பா என்று சொல்ல ஒரு பக்கம், ஆக மூன்று பக்கம். ஒருத்தருக்கு ஒருத்தர் பிரேக். இதெல்லாம் அவருக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. பிரேக் என்றால் அவருக்குச் சொல்லியா தரவேண்டும்!

புத்தகத்தில் 'தடைகளும் சமநிலையும்' என்ற பாடத்தின் ஓரத்தில் மகள் பென்சிலால் கிறுக்கி வைத்திருந்தாள்: 'எங்க வீட்ல தடை மட்டும்தான்!' முதல் நாள் அதைப் பார்த்தபோது சுருக்கென்றது. இப்போதெல்லாம் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார்.

பேராசிரியை வந்தார். மேஜையில் தண்ணீர் பாட்டிலை வைத்தார். நேரே விஷயத்துக்குப் போய்விட்டார்.

"ரெண்டு சபையும் ஒரு மசோதாவை நிறைவேத்தி ஜனாதிபதி மேஜைக்கு அனுப்பிட்டாங்க. அவருக்கு முன்னாடி எத்தனை வழி இருக்கு?"

"ரெண்டு" என்றது முன் வரிசை. "கையெழுத்து போடலாம். இல்லன்னா வேண்டாம்னு திருப்பி அனுப்பலாம்."

"திருப்பி அனுப்பினா அதுக்குப் பேரு?"

"வீட்டோ."

"அத்தோட முடிஞ்சு போச்சா?"

"இல்ல மேடம். ரெண்டு சபையிலயும் மூணுல ரெண்டு பங்கு பேர் திரும்ப ஓட்டு போட்டா, அவர் வேண்டாம்னு சொன்னாலும் சட்டம்தான்."

"சரி. மூணாவதா ஒரு வழி இருக்கு. என்ன?"

பிஸ்கட் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒண்ணுமே பண்ணாம இருக்கிறது" என்றார் பேராசிரியை.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நிஜமாத்தான் சொல்றேன். கையெழுத்தும் போடமாட்டார், திருப்பியும் அனுப்பமாட்டார். சட்டைப் பாக்கெட்ல வெச்சுக்கிற மாதிரி வெச்சுக்குவார். அதுக்குள்ள சபை கூட்டத்தை முடிச்சுட்டு கலைஞ்சு போயிட்டா, மசோதா அப்படியே செத்துடும். வேண்டாம்னு அவர் ஒரு வார்த்தைகூட சொல்லியிருக்க மாட்டார். கெட்ட பேரும் கம்மி. இதுக்குப் பேரு பாக்கெட் வீட்டோ."

அடப்பாவி, இதைத்தானே நாம் காலம் பூராவும் செய்துகொண்டிருக்கிறோம் என்று வாத்தியாருக்குத் தோன்றியது. மகள் எழுதிக் கொடுத்த தாள் ஞாபகம் வந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று யோசித்துப் பார்த்தார். அவர் அதைப் பிரித்துப் படிக்கவே இல்லை. இது தெரிந்தும் அவருக்கு நெஞ்சில் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் அவருக்கே பயமாக இருந்தது.

"ஆனா ஒண்ணு" என்று தொடர்ந்தார் பேராசிரியை. "சபை கலையாம கூட்டம் நடந்துக்கிட்டே இருந்தா? அப்ப இந்த வித்தை பலிக்காது. பத்து நாள் ஆச்சுன்னா, அவர் கையெழுத்து இல்லாமலே அது சட்டமாயிடும். மௌனம் சம்மதம்னு நாம சொல்றோமில்ல, அதேதான்."

ஒன்பது வாரத்தில் முதல் தடவையாக வாத்தியார் கையைத் தூக்கினார்.

"அங்கிள் கேள்வி கேக்கிறார்" என்று பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள்.

"சொல்லுங்க சார்."

"அந்தப் பத்து நாளை எப்படி எண்ணணும்? லீவு நாள் கழியுமா?"

"நல்ல கேள்வி. எழுதி வெச்சதுலயே தெளிவா இருக்கு. பத்து நாள், ஞாயிறு நீங்கலாக. ஞாயிறு மட்டும்தான் கழியும்."

"சனிக்கிழமை?"

"சனிக்கிழமை கணக்குல உண்டு சார்."

வாத்தியார் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். எட்டு நாளாக மடிப்பைப் பிரிக்காத கடிதம். கடைசி வரியை இப்போதுதான் ஒழுங்காகப் படித்தார். 'கடிதத் தேதியிலிருந்து பத்து நாட்கள், ஞாயிறு நீங்கலாக.' கடிதத் தேதி திங்கட்கிழமை. கைக்கு வந்த வியாழன் இல்லை.

டெஸ்க்குக்குக் கீழே விரல் விட்டு எண்ணினார். செவ்வாய் ஒன்று, புதன் இரண்டு. சனியைச் சேர்த்து, ஞாயிறை விட்டு, இன்றைக்கு வெள்ளிக்கு வந்து நின்றால் பத்தாவது விரல்.

அந்த நேரம் பார்த்து வருகைத் தாள் வந்தது. பிஸ்கட் பெண் நீட்டினாள். "போன ரெண்டு தடவையும் போடல, இன்னிக்கும் போடலையா அங்கிள்?"

அவர் வாங்கவில்லை. எழுந்தார். தடிப் புத்தகம் தொப்பென்று கீழே விழுந்தது. இருநூறு தலையும் திரும்பிப் பார்த்தன. புத்தகத்தை வாரிக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

மாணவர் அலுவலகம் இரண்டு கட்டடம் தள்ளி, மூன்றாவது மாடியில். லிஃப்டுக்காகக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் படியேறினார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓர் அம்மாள். இங்கே எத்தனை வருஷமோ, முகத்தில் எதற்கும் ஆச்சரியம் மிச்சமில்லை.

"இதுக்கு பதில் சொல்லணும்" என்று கடிதத்தை நீட்டினார் வாத்தியார்.

"எழுதிக் கொண்டுவந்திருக்கீங்களா?"

"இல்ல. சொல்லணும்."

"இங்க சொல்றதெல்லாம் கிடையாது சார். எழுதறதுதான்."

"அந்தக் கையெழுத்தெல்லாம் நான் போட்டதும்மா. என் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல."

அந்த அம்மாள் கண்ணாடியை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"பதினாலுமா?"

"பதினாலும்."

"எதுக்கு சார்?"

"அவ இடம் போயிடக்கூடாதுன்னு."

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் இவ்வளவு நேராக யாருக்கும் பதில் சொன்னதில்லை. மனைவி கேட்டிருந்தால் மயக்கம் போட்டு விழுந்திருப்பாள்.

அந்த அம்மாள் கடிதத்திலிருந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினார். பிறகு, "இதுக்கு பதில் வந்துடுச்சே" என்றார்.

"வந்துடுச்சா? யாரு குடுத்தது?"

"அவங்களேதான். உங்க பொண்ணு. கடிதத்தோட நகல் ஸ்டூடண்ட்டுக்கும் மெயில்ல போகுமில்ல? நேத்து மூணு மணிக்கு நேர்ல வந்து எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க."

"இங்கயா வந்தா?"

"நீங்க நிக்கிற இடத்துலதான் நின்னாங்க."

வாத்தியார் குனிந்து தன் காலைப் பார்த்தார். சாதாரணச் சிமென்ட் தரை. கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

"எப்படி இருந்தா?"

"எப்படின்னா? நல்லாத்தான் இருந்தாங்க. கொஞ்சம் இருமினாங்க."

"இருமினாளா?"

"சார், உங்களைத்தான் தேடிக்கிட்டு இருந்தோம்" என்று அந்த அம்மாள் ஒரு கோப்பிலிருந்து தாளை உருவினார். "இதுல உங்க கையெழுத்து வேணும். இது உண்மைதான்னு நீங்க ஒத்துக்கிட்டாத்தான் அவங்க விளக்கம் செல்லும். இன்னிக்கு வீட்டுக்கு போன் பண்ணலாம்னு இருந்தேன். நீங்களே வந்துட்டீங்க. படிச்சுப் பாத்துப் போடுங்க. நாளைக்கு வர்றேன்னு மட்டும் சொல்லாதீங்க, சாயங்காலத்தோட கடைசி."

மகளுடைய கையெழுத்து. குண்டு குண்டாக, கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து. பதினாலு தடவை அதைப் பார்த்துப் பார்த்துப் போட்டவருக்கு அடையாளம் தெரியாதா?

'ஐயா, தாங்கள் குறிப்பிட்டுள்ள கையெழுத்துகள் என்னுடையவை அல்ல. என் அப்பாவுடையவை. நான் கேட்டு அவர் போடவில்லை. வீட்டை விட்டு வந்த பிறகு, முதல் செவ்வாய்க்கிழமை நான் வகுப்புக்கு வந்தேன். என் புத்தகத்தை வைத்துக்கொண்டு நாலாவது வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போகவில்லை. இந்த ஒன்பது வாரமும் பின்பக்கக் கதவுக்கு வெளியே நின்றுதான் பாடம் கேட்டேன். சில நாள் சரியாகக் கேட்காது. அவர் நிறுத்தாமல் குறிப்பு எடுத்துக்கொண்டே இருந்தார். எழுந்து போங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் அங்கே இருக்கும்வரை என்னால் உள்ளே வர முடியாது. ஆகவே, என்னைப் பாடத்திலிருந்து நீக்காமல், மதிய வகுப்புக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அவர் அங்கேயும் வந்துவிடாமல் இருக்க வேண்டும்.'

வாத்தியார் ஒரு தடவை படித்தார். திரும்பவும் படித்தார். யாருடைய அப்பாவைப் பற்றியோ எழுதியிருப்பது போல இருந்தது.

மூன்றாவது தடவை படிக்கும்போதுதான் உறைத்தது. அவளுடைய இடத்தைக் காப்பாற்ற அவர் உட்காரவில்லை. அவளுடைய இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒன்பது வாரமாக அவள் அவருக்குப் பின்னாலேயே, கூப்பிடு தூரத்தில் நின்றிருக்கிறாள். ஒரு தடவை கழுத்தைத் திருப்பியிருந்தால் பார்த்திருக்கலாம். காரில் ஏறுகிற ஒவ்வொருத்தரிடமும், பின்னாலே பாருங்க, கண்ணாடியைப் பாருங்க என்று நாள் பூராவும் கத்துகிற மனுஷன், ஒரு தடவைகூடப் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

வலித்தது. பத்து வாரத்துக்கப்புறம் முதல் தடவையாக, நெஞ்சுக்கு நடுவில், நன்றாகவே வலித்தது.

"கீழ ஒரு வரி இருக்கு பாருங்க" என்றார் அந்த அம்மாள்.

அச்சடித்த வரி. 'மேற்கண்டது உண்மை. இனி இந்தப் பாடத்தின் எந்த வகுப்புக்கும் நான் வரமாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.'

"இதைப் போட்டா அவ பேரு இருக்கும்ல?"

"இருக்கும். ரெண்டு மணி வகுப்புல இன்னிக்கே உட்காரலாம்."

"போடலன்னா?"

"போடலன்னா நீக்கிடுவாங்க. இதுல யோசிக்க என்ன சார் இருக்கு?"

இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் வலது கை தானாகச் சட்டைப் பை வரைக்கும் போய்விட்டது. தாளை மடிக்கத்தான் போனது என்று நான் சத்தியம் செய்வேன். பாதி வழியில் அதை நிறுத்தி, பேனாவை எடுக்கப் போன மாதிரி பேனாவை எடுத்தார்.

எழுத ஆரம்பித்தார். பழக்க தோஷம், மகளுடைய பேரின் முதல் எழுத்து வந்துவிட்டது.

"சார், உங்க பேரு" என்றார் அந்த அம்மாள்.

அடித்துவிட்டு, பக்கத்தில் தன் பேரை எழுதினார். கோணலாக இருந்தது. தன் கையெழுத்தைப் போட்டு நாளாகிவிட்டது போலிருக்கிறது.

அந்த அம்மாள் சீல் குத்தினார். "அவ்வளவுதான் சார், முடிஞ்சுது. பதிவு பண்ணிட்டு அவங்களுக்கு ஒரு மெயில் போட்டுடறேன்" என்றார்.

"இந்தப் புத்தகமும் நோட்டும் அவளோடது. அவகிட்ட குடுத்துட முடியுமா?"

"இங்க பொருளெல்லாம் வாங்கிக்கிறதில்ல சார்."

"விட்டுப்போன பாடமெல்லாம் இதுல இருக்கும்மா. வெளியில நின்னா சரியாக் கேக்காதுன்னு அவளே எழுதியிருக்கா."

அந்த அம்மாள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். தடுப்புக்குக் கீழே இருந்த இடைவெளி வழியாக இரண்டையும் உள்ளே இழுத்துக்கொண்டார். "எப்ப வருவாங்களோ தெரியாது. வந்தா குடுக்கிறேன்" என்றார்.

வெளியே வராந்தாவில் ஒரு பெஞ்சு. வாத்தியார் உட்கார்ந்தார். மணி பன்னிரண்டே கால். இரண்டு மணிக்கு அவள் இந்தக் கட்டடங்களில் ஏதோ ஒன்றுக்குள் நுழைவாள். இரண்டு மணிக்கு இவர் எங்கேயோ ஒரு புதுப் பழகுநரை முதல் கியர் போடச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இருந்து பார்த்துவிட்டுப் போகலாமா என்று ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. சீல் குத்திய ஈரம்கூட இன்னும் காய்ந்திருக்காது. எழுந்து படியிறங்கினார்.

கீழே வரும்போது போன் அடித்தது. மனைவி. வேலை நேரத்தில் அவள் கூப்பிடவே மாட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"வெளியில."

"அவகிட்டேருந்து செய்தி வந்திருக்கு."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

"அதான் பதறிப்போய்க் கூப்பிடறேன். 'அப்பா கையெழுத்துப் போட்டுட்டாரா?'ன்னு கேட்டிருக்கா. என்ன கையெழுத்து? எதுல? என்னங்க நடக்குது? அவ எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"போட்டுட்டேன்னு எழுது."

"நிஜமாவே போட்டுட்டீங்களா?"

"போட்டுட்டேன்."

அவள் செய்தியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. போட்டுட்டேன் என்று இத்தனை வருஷத்தில் அவர் எதைப் பற்றியும் சொன்னதில்லை என்று யோசித்திருப்பாள்.

"அனுப்பிட்டேன். இப்ப எனக்குச் சொல்லுங்க. என்னன்னு போட்டீங்க?"

மறைக்க ஒரு வழி இருக்கிறதா என்று வாத்தியார் தேடவில்லை. அதற்குத் தெம்பும் இல்லை. நடந்துகொண்டே, ஒன்பது வாரத்தையும் சொன்னார். வகுப்பு, வருகைத் தாள், கடிதம், பின்பக்கக் கதவு. சொல்லி முடிக்கும்போது பல்கலைக்கழக வாசலுக்கே வந்துவிட்டார்.

"இனிமே அவ இருக்கிற வகுப்புக்கு வரமாட்டேன்னு போட்டிருக்கேன்" என்றார். "அவதான் கேட்டா. அவளே எழுதியிருந்தா."

அந்தப் பக்கம் கவுண்டரில் யாரோ மருந்துச் சீட்டை நீட்டி, அம்மா, அம்மா என்று கூப்பிடுவது கேட்டது. இப்போது கத்துவாள், என்னிடம் ஏன் மறைத்தீர்கள் என்று உலுக்கி எடுப்பாள் என்று வாத்தியார் காதைக் கொடுத்துக் காத்திருந்தார். கத்தினால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது.

அவள் கத்தவில்லை. ரொம்ப மெதுவாக, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல, ஒன்றே ஒன்று கேட்டாள்.

"என்னை வரக்கூடாதுன்னு எழுதியிருந்தாளா?"

"இல்ல."

"நல்லா படிச்சுப் பாத்தீங்களா?"

"மூணு தடவை படிச்சேன். உன்னைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்ல."

"அந்த வகுப்பு எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள் மனைவி.